ஓட்டும் மட்டுறுத்தலும் கோணிக்கொண்டால்: கருத்துக் களம் நடத்துபவர்களுக்குப் புகார் வாரியாக ஒரு வழிமுறை

வாசகர்கள் கருத்து எழுதி, ஒருவர் கருத்துக்கு மற்றவர் ஆதரவு ஓட்டோ எதிர்ப்பு ஓட்டோ போடும் இணையக் களம் ஒன்றை நடத்துகிறீர்கள். மட்டுறுத்தல், அதாவது விதி மீறிய கருத்துகளைப் பார்த்து நீக்குவதும் உங்கள் பொறுப்பு. புகார் வந்ததும் யாரையாவது தடை செய்யத்தான் முதலில் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். 'ஓட்டு அநியாயமாக விழுகிறது' என்று வரும் புகார்கள் பலவற்றுக்கு ஆட்கள் காரணமே இல்லை. எதை எந்த வரிசையில் காட்டுகிறோம், பக்கத்தில் எந்த எண்ணை வைக்கிறோம் என்பதுதான் காரணம். அதனால் இங்கே முதலில் வரிசையைப் பார்ப்போம், அப்புறம் ஓட்டை, கடைசியில்தான் ஆட்களை.

சிங்கப்பூருக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். ஓட்டு முறை பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளோ ஆயிரக்கணக்கில் ஓட்டு விழும் தளங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் களத்தில் ஒரு கருத்துக்கு எட்டு ஓட்டு விழுந்தாலே பெரிய விஷயம். ஓட்டுப் போடுபவரும் வாங்குபவரும் தேக்காவில் ஒரே கடையில் காய் வாங்குபவர்களாகவும் இருக்கக்கூடும். சின்ன ஊருக்குச் சின்ன ஊரின் மருந்துதான் வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஓட்டுக்கும் இவை பதிவாகின்றனவா என்று பாருங்கள்: போட்ட கணக்கு, அந்தக் கணக்கின் வயது, நேரம், பட்டியலில் பார்த்து வந்தாரா நேரடி இணைப்பில் வந்தாரா, ஓட்டுப் போட்டபோது அந்தக் கருத்து திரையில் எத்தனையாவது இடத்தில் இருந்தது. கடைசியாகச் சொன்னதைச் சேமிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. அது இல்லாவிட்டால் கீழே வரும் முதல் புகாரையே உறுதி செய்ய முடியாது.

"முதலில் எழுதியவர்தான் எப்போதும் மேலே நிற்கிறார்"

நன்றாக ஓட்டு விழுந்த பழைய தலைப்புகள் சிலவற்றை எடுங்கள். ஒவ்வொன்றிலும் இப்போது முதலிடத்தில் இருக்கும் கருத்து எத்தனையாவதாகப் பதிவானது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை முதல் ஐந்துக்குள் வந்தவை என்றால் புகார் உண்மையாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்று இழுப்பதற்குக் காரணம், விஷயம் தெரிந்தவர்களே முந்திக்கொண்டு எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழிதான். இரண்டு வாரத்துக்குப் புதிய தலைப்புகளில் பாதியை வழக்கம்போல் விடுங்கள். மறுபாதியில் ஒவ்வொரு வாசகருக்கும் வரிசையைக் குலுக்கிக் காட்டுங்கள். குலுக்கிய பாதியில் பிந்தி வந்தவையும் மேலே ஏறினால், வரிசைதான் குற்றவாளி.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2013இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்து, எழுதப்பட்ட உடனேயே சிலவற்றுக்கு மட்டும் ஆய்வாளர்கள் ஒரு பொய் ஆதரவு ஓட்டைச் சேர்த்தார்கள். எதற்குச் சேர்ப்பது என்பது குலுக்கல்தான், தரம் பார்த்து அல்ல. அடுத்துப் பார்த்தவர் ஆதரித்து ஓட்டுப் போடும் வாய்ப்பு 32 விழுக்காடு கூடியது. கடைசி மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு ஏறியது. பொய்யாகப் போட்ட எதிர்ப்பு ஓட்டை மட்டும் மற்றவர்கள் சரிக்கட்டிவிட்டார்கள். அரசியல், பண்பாடு பற்றிய தலைப்புகளில் இந்த மந்தைப் போக்கு தெரிந்தது, தகவல் தொழில்நுட்பத் தலைப்புகளில் தெரியவில்லை. நம் களங்களில் எது அதிகம் பேசப்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

நம் ஊருக்கு இன்னொரு கோணல், நேரம். தமிழ்நாட்டு வாசகர்களும் இருக்கும் களம் என்றால், இங்கே காலை ஏழு மணிக்கு எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து எழுதப்படும் கருத்துக்கு அங்கே நாலரை மணி. சென்னை விழித்துப் பார்க்கும்போது இங்கத்திய ஓட்டுகள் விழுந்து முடிந்திருக்கும்.

செய்ய வேண்டியது: தலைப்புத் தொடங்கிய முதல் ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு வரிசையைக் குலுக்குங்கள், மதிப்பெண்ணை மறைத்துவையுங்கள். ரெடிட் என்னும் விவாதத் தளத்தில் குழுக்களை நடத்துபவர்களுக்கு மதிப்பெண்ணைச் சில மணி நேரம் மறைக்கும் வசதி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. குலுக்கும்போது முதல்நிலைக் கருத்துகளை மட்டும் குலுக்குங்கள். பதிலுக்குப் பதில் போகும் உரையாடலைக் கலைத்துவிட்டால் யார் யாருக்குச் சொன்னது என்றே புரியாது, அதற்கென்று தனியாகப் புகார் வரும்.

"ஒரே ஓர் ஓட்டு வாங்கியது முதலிடத்தில், நூறு ஓட்டு வாங்கியது கீழே"

சராசரியை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். ஒன்றுக்கு ஒன்று 100 விழுக்காடு, நூற்றுக்குத் தொண்ணூறு 90 விழுக்காடு, அவ்வளவுதான். சிலர் இதைத் திருத்தப் போய், ஆதரவிலிருந்து எதிர்ப்பைக் கழித்து மிச்சத்தை வைத்து வரிசைப்படுத்துவார்கள். அது வேறொரு கோணல். 60 ஆதரவு, 40 எதிர்ப்பு என்றால் மிச்சம் 20. 19 ஆதரவு, 1 எதிர்ப்பு என்றால் மிச்சம் 18. ஊரே இரண்டாகப் பிளந்து நிற்கும் கருத்து, கிட்டத்தட்ட எல்லாரும் ஒப்புக்கொண்டதற்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடும்.

புள்ளியியலில் எட்வின் வில்சன் 1927இல் சொன்ன நம்பிக்கை இடைவெளியின் கீழ் எல்லையை எடுத்துக்கொள்வது தெரிந்த வழி. 'இந்த ஓட்டுகளை மட்டும் வைத்துப் பார்த்தால், உண்மையான ஆதரவு குறைந்தது எவ்வளவு என்று துணிந்து சொல்லலாம்?' என்ற கேள்விக்கு அது விடை தரும். 95 விழுக்காடு நம்பிக்கைக்குக் கணக்கிட்டால், ஒன்றுக்கு ஒன்று வாங்கியதற்கு 0.21தான் கிடைக்கும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு 0.83. மேலே சொன்ன 60–40 கருத்துக்கு 0.50, 19–1 கருத்துக்கு 0.76. ரெடிட் 2009இல் கருத்துகளை வரிசைப்படுத்த இதைத்தான் எடுத்துக்கொண்டது.

வர்க்கமூலமெல்லாம் வேண்டாம், விரிதாளில் போட்டு நாமே சரிபார்க்கும்படி இருக்க வேண்டும் என்றால் எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கருத்துக்கும் பிறக்கும்போதே இரண்டு ஆதரவும் இரண்டு எதிர்ப்பும் இருப்பதாக வைத்துக்கொண்டு சராசரி எடுங்கள். ஒன்றுக்கு ஒன்று வாங்கியது 3/5, அதாவது 0.60 ஆகிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு 92/104, அதாவது 0.88. எனக்கு இதுதான் பிடிக்கும். மதிப்பெண் எப்படி வந்தது என்று கேட்கும் உறுப்பினருக்கு ஒரு வரியில் விளக்கிவிடலாம். சொல்லிப் புரியவைக்க முடியாத சூத்திரத்தின் மேல், அது எவ்வளவு சரியாக இருந்தாலும், சந்தேகம் வந்துகொண்டேதான் இருக்கும்.

"நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் மைனஸாகக் குத்துகிறார்கள்"

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மைனஸ் பொத்தானுக்கு நாம் ஓர் அர்த்தம் வைத்திருப்போம், அமுக்குபவர் வேறோர் அர்த்தத்தில் அமுக்குவார். 'இது குப்பை' என்பதற்காக நாம் வைத்தது. அவர் அமுக்குவது 'எனக்கு இதில் உடன்பாடில்லை' என்பதற்காக. வீட்டில் பிள்ளைகளிடம் ஆங்கிலம் பேசலாமா, தொடக்கநிலை ஒன்றிலேயே துணைப்பாடம் வேண்டுமா, பேச்சுத்தமிழை வகுப்பில் அனுமதிக்கலாமா என்று ஒரு தலைப்பைத் திறந்து பாருங்கள், இரண்டு அர்த்தமும் ஒரே எண்ணில் கலந்துவிடும்.

சோதிக்க ஒரு வழி: எதிர்ப்பு அதிகம் விழுந்த முப்பது கருத்துகளைப் பெயர் இல்லாமல் அச்சிட்டு, அந்த உரையாடலில் கலந்துகொள்ளாத இருவரிடம் கொடுத்து 'விதி மீறல்', 'பயனில்லை', 'மாற்றுக் கருத்து மட்டுமே' என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது குவியல் பெரிதாக இருந்தால் உங்கள் மைனஸ் பொத்தான் தரத்தை அளக்கவில்லை, தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது.

இதை விட்டுவைத்தால் பெரும்பான்மையின் குரல் மட்டும் மிஞ்சும். சிங்கப்பூர்த் தமிழரிடையே இது நுட்பமான விஷயம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், வேலைக்கு வந்து குடியேறியவர்கள், இன்னும் சில ஆண்டுகளில் திரும்பிப் போகவிருப்பவர்கள் என்று பல தரப்பு. எந்தத் தரப்பு எண்ணிக்கையில் கூடுதலோ அந்தத் தரப்பின் பழக்கமே 'பொது அறிவு' ஆகிவிடும். அது மட்டுமல்ல, எதிர்ப்பு ஓட்டு ஆளைத் திருத்துவதும் இல்லை. நான்கு பெரிய செய்தித் தளங்களின் கருத்துப் பகுதிகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், எதிர்ப்பு ஓட்டு வாங்கியவர்கள் அடுத்தடுத்து இன்னும் மோசமாகவும் இன்னும் அதிகமாகவும் எழுதினார்கள், மற்றவர்களுக்கும் கூடுதலாக எதிர்ப்பு ஓட்டுப் போட்டார்கள் என்று தெரிந்தது. குத்து வாங்கியவர் திரும்பக் குத்துகிறார்.

திருத்தங்களை லேசானதிலிருந்து சொல்கிறேன். முதலில், எதிர்ப்பு எண்ணிக்கையை எழுதியவருக்கு மட்டும் காட்டுங்கள். குறிவைத்து எதிர்ப்பைக் குவிக்கும் தாக்குதல்களைக் குறைப்பதற்காக என்று சொல்லி யூடியூப் 2021 நவம்பரில் இதைத்தான் செய்தது. அதில் பயனர்களுக்கு வருத்தம் உண்டு, நியாயமான வருத்தமும்கூட, ஏனென்றால் மோசமான செய்முறைக் காணொளியை அந்த எண்தான் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. கருத்துக் களத்தில் அந்த இழப்பு சிறியது.

அடுத்து, எதிர்ப்புக்கு ஒரு விலை வையுங்கள். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எதிர்ப்பு ஓட்டுப் போடும் உரிமை 125 மதிப்புப் புள்ளி சேர்ந்த பிறகே கிடைக்கும். ஒரு பதிலை எதிர்த்து ஓட்டுப் போட்டால் போட்டவருக்கும் ஒரு புள்ளி குறையும். சின்னக் களத்துக்கு 125 அதிகம், கணக்குத் தொடங்கி இரண்டு வாரம் என்பது போதும். விலை என்றதும் பழைய உறுப்பினரின் ஓட்டுக்கு இரண்டு மடங்கு மதிப்புக் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். முதலில் வந்தவர்களின் பரம்பரைச் சொத்தாகக் களம் மாறிவிடும்.

மூன்றாவது, பொத்தானையே இரண்டாகப் பிரியுங்கள்: 'உடன்படவில்லை' ஒன்று, 'பயனில்லை' ஒன்று. வரிசைக்கு இரண்டாவதை மட்டும் எண்ணுங்கள். முதலாவது வெறும் ஆற்றாமைக்கு வடிகால். ஏமாற்று வேலை என்று தோன்றலாம், ஆனால் பொத்தானுக்கு அடியில் 'இது வரிசையை மாற்றாது' என்று எழுதிவைத்துவிட்டால் ஏமாற்று ஒன்றும் இல்லை.

கனமான திருத்தம் ஒன்றும் உண்டு. எக்ஸ் தளத்தில் தவறாக வழிநடத்தக்கூடிய பதிவுகளுக்குப் பயனர்களே விளக்கம் எழுதும் வசதிக்குச் சமூகக் குறிப்புகள் என்று பெயர். அதில், வழக்கமாக எதிரெதிராக மதிப்பிடுபவர்கள் இரு பக்கத்திலிருந்தும் 'உதவியது' என்று சொன்னால்தான் ஒரு குறிப்பு எல்லாருக்கும் காட்டப்படும். வெறும் எண்ணிக்கை செல்லாது. அருமையான யோசனை, ஆனால் யார் யாருடன் ஒத்துப்போகிறார்கள் என்று கணிக்க நிறைய ஓட்டு வேண்டும். சில நூறு பேர் உள்ள களத்தில் இதை முயல்வது வீண் வேலை.

"திடீரென்று ஒரு மணி நேரத்தில் ஓட்டு மழை"

யாரோ வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டார்கள். பதிவேட்டைத் திறந்தால் உடனே தெரியும்: ஓட்டுகள் நேரடி இணைப்பில் வந்திருக்கும், வந்தவர்கள் மற்றக் கருத்துகளைப் பார்க்காமல் ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், பாதிக் கணக்குகள் அன்றைக்குத் தொடங்கியவை.

இந்த இடத்தில் பலர் கை வைப்பது ஐபி முகவரியில், அதாவது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணில். ஒரு முகவரிக்கு ஓர் ஓட்டு என்று விதி போடுவார்கள். சிங்கப்பூரில் அது நேரடியான அநியாயம். வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதியில் ஒரே வைஃபையில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள், வெளியே அவர்களுக்கு ஒரே முகவரிதான். கைத்தொலைபேசி இணையத்திலும் பல வாடிக்கையாளர்கள் ஒரு பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். தனி வீட்டில் தனி இணைப்பு வைத்திருப்பவருக்கு ஓட்டு, விடுதியில் இருப்பவருக்கு இல்லை என்று நாமே சட்டம் போட்டது போலாகிவிடும். ஐபியை ஒரு தடயமாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைக்கக்கூடாது.

அடையாள அட்டை எண்ணைக் கேட்டு ஆளை உறுதி செய்யலாமே என்ற யோசனையும் அவ்வப்போது வரும். தனிநபர் தரவுப் பாதுகாப்பு வழிகாட்டுதலின்படி, சட்டம் கேட்காத, ஆளைத் துல்லியமாக உறுதி செய்யும் அவசியமும் இல்லாத இடத்தில் நிறுவனங்கள் அந்த எண்ணைச் சேகரிக்கக்கூடாது. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் விதி இது. கருத்துக் களத்தில் ஓட்டுப் போடுவது அந்த அவசியத்துக்குள் வராது. தொலைபேசிக்கு ஒருமுறைக் குறியெண் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் பரிந்துரைப்பது இதுதான். நேரடி இணைப்பில் வந்து, வந்த வேகத்தில் போடும் ஓட்டைப் பதிவு செய்யுங்கள், ஆனால் வரிசையில் 24 மணி நேரம் கழித்தே சேருங்கள். அந்த இடைவெளியில் கள்ள ஓட்டா, உண்மையிலேயே ஆர்வத்தோடு வந்த கூட்டமா என்று பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் வந்ததே குற்றமில்லை. தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரலில் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய தலைப்புக்குப் புதுமுகங்கள் திரண்டு வருவது நல்ல செய்திதான்.

"அவருக்கு இவர், இவருக்கு அவர்"

தமிழ் வலைப்பதிவு உலகம் இதற்கு 'மொய்' என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டது. நீ என் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்தாய், நான் உன் வீட்டுக்கு வைக்கிறேன்.

உறுப்பினர்களை வரிசையிலும் நிரலிலும் போட்டு, யார் யாருக்கு எத்தனை ஓட்டு என்று ஓர் அட்டவணை எடுங்கள். ஒருவர் போட்ட மொத்த ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு ஒரே ஆளுக்குப் போய், அதே போல் திரும்பியும் வந்திருந்தால் அது மொய். தண்டனை வேண்டாம். கணவன் மனைவியாக இருக்கலாம், ஒரே கவிதைப் பட்டறையில் சந்தித்தவர்களாக இருக்கலாம், ரசனை ஒத்துப்போவதாகவும் இருக்கலாம். ஒரே ஆள் ஒரே ஆளுக்கு ஒரு மாதத்தில் போடும் முதல் ஓட்டுக்கு முழு மதிப்பு, இரண்டாவதற்கு அரை, மூன்றாவதற்கு மூன்றில் ஒன்று என்று குறைத்துக்கொண்டே போனால் சரி. விதியை வெளிப்படையாக எழுதி எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிடுங்கள், யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்காது. கூப்பிட்டு விசாரித்தால் என்ன ஆகும் என்பது சின்ன ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை, ஆனால் வடிகட்டி பிடித்துக்கொண்டது"

வடிகட்டி என்பது வசைச் சொற்களைத் தானாகத் தேடிப் பிடிக்கும் கருவி. இப்படி ஒரு புகார் வரும், அல்லது அதன் மறுபக்கம்: அப்பட்டமான வசை, வடிகட்டி கண்டுகொள்ளவில்லை. இரண்டும் ஒரே நோய். வடிகட்டிக்குத் தமிழ் எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று தெரியவில்லை.

வசை தப்பிப்பதை முதலில் பார்ப்போம். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வோடு 'ொ' என்ற ஒற்றைக் குறி ஒரு விதம், 'க'வோடு கொம்பும் காலும் தனித்தனியாக வருவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்னும் வடிவத்துக்கு மாற்றினால் இது தீர்ந்துவிடும். பெரும்பாலான நிரல் மொழிகளில் அது ஒரே வரி. ஆனால் 'ௌ' குறிக்குப் பதிலாகக் கொம்பையும் 'ள' எழுத்தையும் சேர்த்துப் பலர் தட்டச்சு செய்வார்கள். அது என்எஃப்சியில் தீராது, தனியாக மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சுழிய அகலக் குறிகளையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

வேண்டுமென்றே ஏமாற்றுபவர்கள் தமிழ் எண்களைப் பயன்படுத்துவார்கள். 'க'வுக்குப் பதில் ௧, 'உ'வுக்குப் பதில் ௨, 'எ'வுக்குப் பதில் ௭, 'அ'வுக்குப் பதில் ௮. படிப்பவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு சொல்லுக்குள் எழுத்தும் தமிழ் எண்ணும் கலந்திருந்தால் அதை மட்டுறுத்துநர் பார்வைக்கு அனுப்பிவிடுங்கள். நல்ல காரணத்துக்காக அப்படி எழுதுபவர் அரிது.

இனி அப்பாவிகள் மாட்டுவது. சொல்லுக்குள் எங்கே இருந்தாலும் பிடி என்று எழுதிய வடிகட்டி 'பன்றி'யைத் தேடும்போது 'அன்பன்றி வேறில்லை' என்று எழுதியவரைப் பிடிக்கும். அன்பு, அன்றி இரண்டும் சேர்ந்த இடத்தில் பன்றி நிற்கிறது! சரி, சொல்லின் தொடக்கத்தில் மட்டும் தேடு என்று மாற்றினால், 'நாயே' என்பதற்குப் போட்ட விதி, இறைவன் முன் தன்னைத் தாழ்த்தி 'நாயேன்' என்று பாடும் பக்திப் பாடலை மேற்கோள் காட்டியவரைப் பிடிக்கும். முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் பிடி என்றால், வேற்றுமை உருபு ஒட்டிய வசையெல்லாம் தப்பிவிடும். தமிழில் சொல் ஒட்டிக்கொண்டே போகும். அதை வெட்டிப் பார்க்கத் தெரியாத கருவிக்கு இந்த மூன்று வழியும் பாதி வழிதான்.

ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுபவர்களை வடிகட்டியால் பிடிப்பது அதைவிடக் கடினம். ஒரே ழகரத்தை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். அதோடு நம் ஊர் எழுத்தில் ஆங்கிலமும் மலாயும் கலந்து வரும். ஆங்கிலத்துக்காகப் பழக்கிய கருவியை இதன் மேல் ஏவினால் குத்துமதிப்பான விடைதான் கிடைக்கும்.

ஆகவே வடிகட்டிக்கு அழிக்கும் அதிகாரம் வேண்டாம். அது கொடி காட்டட்டும், மனிதர் பார்க்கட்டும். பிடிபட்டதில் எத்தனை விடுவிக்கப்பட்டன என்று மாதம் ஒருமுறை எண்ணுங்கள். ஒரு விதி பிடித்ததில் பாதிக்கு மேல் விடுவிக்கப்படுகிறது என்றால் அந்த விதியைத் தூக்குங்கள்.

"மட்டுறுத்துநர் தன் ஆட்களை விட்டுவிடுகிறார்"

இதைக் காதால் கேட்டுத் தீர்க்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். நீக்கப்பட்ட ஐம்பதையும் புகார் வந்தும் விட்டுவைக்கப்பட்ட ஐம்பதையும் எடுத்து, பெயர், படம், ஓட்டு எல்லாவற்றையும் மறைத்துக் கலந்து, இரண்டு மட்டுறுத்துநர்களிடம் தனித்தனியாகக் கொடுங்கள். பழைய முடிவோடும் ஒருவர் முடிவு மற்றவரோடும் எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். வெறும் விழுக்காடு ஏமாற்றும். நூற்றுக்குத் தொண்ணூறு கருத்துகள் எப்படியும் விடப்படும் களத்தில், இருவர் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் சொன்னாலும் 82 விழுக்காடு பொருந்திவிடும். தற்செயலைக் கழித்துவிட்டுச் சொல்வதற்கு ஜேக்கப் கோஹன் 1960இல் கொடுத்த கப்பா அளவு இருக்கிறது (முழுப் பொருத்தம் 1, வெறும் தற்செயல் 0). பாதிக்குப் பாதியாகக் கலந்த நூறில், இருவரும் சரிபாதியாகப் பிரித்து, 80 பொருந்தினால் கப்பா 0.6. அதற்குக் கீழே போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விதியின் வாசகத்தை. 'நாகரிகமாகப் பேசவும்' என்று மட்டும் எழுதிவைத்தால் ஆளுக்கொரு நாகரிகம் இருக்கும்.

இருவரும் தங்களுக்குள் ஒத்துப்போகிறார்கள், பழைய முடிவு மட்டும் சிலர் விஷயத்தில் விலகி நிற்கிறது என்றால் புகார் மெய்தான். அப்போதும் ஆளை மாற்றுவதைவிட முறையை மாற்றுவது நீடிக்கும். ஸ்லாஷ்டாட் என்னும் தொழில்நுட்பச் செய்தித் தளம் இதில் முன்னோடி. அங்கே மட்டுறுத்தும் உரிமை நிரந்தரப் பதவி இல்லை. வழக்கமான வாசகர்களில் சிலருக்குத் தற்செயலாக ஐந்து புள்ளி கிடைக்கும், மூன்று நாளில் காலாவதியாகும். தான் எழுதிய உரையாடலில் அதைச் செலவழிக்க முடியாது. மட்டுறுத்தியவர்கள் சரியாகச் செய்தார்களா என்று வேறு வாசகர்கள் மதிப்பிடும் இரண்டாம் அடுக்கையும் 1999இல் சேர்த்தார்கள்.

சுழற்சியும் குலுக்கலும் நமக்கு அந்நியமும் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊரை நிர்வகிக்கும் வாரியங்களுக்கு ஆள் தேர, முப்பது குடும்புகளிலிருந்து (ஊரின் பகுதிகள்) ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கின்றன. முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. அந்த உறவினர் விதியை எழுதியவருக்குச் சின்ன ஊர் எப்படி நடக்கும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. (நிலமும் கல்வியும் உள்ளவர் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போகும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.)

உங்கள் களத்துக்கு இதை இறக்கினால்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாதிப் பேர் மாறட்டும். கலந்துகொண்ட தலைப்பில் கை வைக்கக்கூடாது. மேல்முறையீட்டை முடிவெடுத்தவரே பார்க்கக்கூடாது.

"என் கருத்து சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறது"

நீக்கியது சரியாகவே இருக்கலாம், சொல்லாமல் நீக்கியதுதான் புகார். எந்த விதி, எந்த வரி என்று ஒரு வாக்கியம் போதும். ரெடிட்டில் கோடிக்கணக்கான பதிவுகளை வைத்து 2019இல் வந்த ஆய்வில், நீக்கியதற்குக் காரணம் சொன்னால் அடுத்தடுத்த பதிவுகள் நீக்கப்படும் வாய்ப்பு குறைவதாகத் தெரிந்தது. எழுதியவருக்கு மட்டும் தெரியும்படி விட்டுவைத்து மற்றவர்களிடம் மறைக்கும் தந்திரத்தை விளம்பரக் குப்பை போடும் கணக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களிடம் அதைச் செய்தால், நண்பரின் தொலைபேசியில் திறந்து பார்த்து அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"புதியவர்கள் ஒரு தடவை எழுதிவிட்டு வருவதே இல்லை"

விதிகளை ஒவ்வோர் உரையாடலுக்கும் மேலே ஒட்டிவையுங்கள். ரெடிட்டின் அறிவியல் குழுவில் நடந்த சோதனையில் (முடிவு 2019இல் வெளியானது) இது ஒன்றே புதியவர்கள் விதியைப் பின்பற்றுவதை 8 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் கூட்டியது, புதியவர்கள் எழுதுவதும் சராசரியாக 70 விழுக்காடு கூடியது. விதியைக் காட்டினால் பயந்து ஓடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

கூடவே, புதியவர் எழுதியது ஒப்புதலுக்காக எத்தனை மணி நேரம் காத்திருக்கிறது என்று கிழமை வாரியாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைக்கும் கட்டுமான ஊழியர் அன்று மதியம் எழுதுவார். மட்டுறுத்துநருக்கும் அன்று விடுமுறை. திங்கள் மாலை அது வெளியாகும்போது அவர் வேலைத் தளத்தில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆளைப் போடுங்கள்.

ஓட்டுக்கே விடக்கூடாதவை

ஒருவரின் முகவரி, தொலைபேசி எண், வேலையிடம் இவற்றைத் தொல்லை கொடுக்கும் நோக்கில் வெளியிடுவது, தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் 2020 ஜனவரி 1 முதல் குற்றம். சமயப் பகையைத் தூண்டுவதற்கு 1990ஆம் ஆண்டின் சமய நல்லிணக்கச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் உண்டு, இனப் பகையைத் தூண்டுவதும் சட்டப்படி குற்றம்தான். இப்படிப்பட்டது மேலே ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் மறையுங்கள், நகலை எடுத்து வையுங்கள், பிறகு இருவர் சேர்ந்து முடிவெடுங்கள். பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போக நினைத்தால் அந்த நகல் அவருக்குத் தேவைப்படும்.

"எல்லாம் சரி செய்தாகிவிட்டது, ஆனாலும் வரிசை தாறுமாறாக இருக்கிறது"

சென்ற மாதத்துக் கருத்துகளை ஓட்டு எண்ணிக்கைப்படி அடுக்கி நடுவில் இருப்பதை எடுங்கள். அதற்கு விழுந்தது மூன்று ஓட்டு என்றால் வில்சனும் உதவ மாட்டார், வேறு யாரும் உதவ மாட்டார்கள். இரண்டு பேர் உறங்கப் போன நேரத்தைப் பொறுத்து வரிசை மாறும். ஓட்டை மொத்தமாக நிறுத்துங்கள். கருத்துகளை நேர வரிசையில் காட்டி, வாரம் ஒருமுறை சுழற்சியில் வரும் ஒருவர் நல்லவை ஐந்தைத் தன் பெயர் போட்டு, ஏன் என்று ஒரு வரி எழுதித் தேர்ந்தெடுக்கட்டும். பாரபட்சம் என்று யாராவது சொன்னால், அடுத்த வாரத்து முறையை அவருக்குக் கொடுங்கள். நடுவில் இருப்பது பத்து ஓட்டைத் தொடும் மாதத்தில் மேலே உள்ள முதல் புகாரிலிருந்து திரும்பத் தொடங்கலாம்.